மலையகத்தில் ஜன்னல் துடைக்கும் தொழிலுக்கு வீடு வீடாக ஓடர் பிடிக்க ஆள் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, கண்டிப் பக்கங்களில் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலைத் தொடங்கி, கையில் இரண்டு மூன்று வேலையாட்களை வைத்துக்கொண்டு, "ஓடர் மட்டும் வந்தால் போதும்" என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் நாளே ஓடர் பிடிக்க ஆள் தேடத் தொடங்குகிறார்கள். ஆள் கிடைத்து, அவர் ஓடரும் கொண்டு வந்த பிறகுதான் விலை என்ன, எப்போது போவது, யார் போவது என்று யோசிக்கிறார்கள். அதற்குள் வாசலில் கொடுத்த வாக்கு கெட்டுப்போகிறது. சின்ன டவுனில் ஒரு வீட்டில் கெட்ட பெயர் அடுத்த வாரத்துக்குள் அந்த வீதி முழுக்கப் போய்விடும். ஆகவே வரிசை முக்கியம். ஆள் சேர்ப்பது இதில் நான்காவது படிதான்.

1. முதலில் உங்கள் கொள்ளளவை எண்ணுங்கள்

உங்கள் துடைக்கும் ஆட்கள் ஒரு நாளில் எத்தனை வீடு முடிப்பார்கள்? ஊகமாகச் சொல்லாமல் சில வீடுகளைச் செய்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மலையகத்து வீடுகளில் நேரத்தைத் தின்னும் விஷயங்கள் மூன்று: ஜன்னலுக்கு வெளியே போட்ட இரும்புக் கம்பி, பழைய பங்களாக்களில் இருக்கும் சின்னச் சின்னக் கண்ணாடிச் சட்டங்கள், ஈரத்தால் சட்ட ஓரங்களில் பிடித்திருக்கும் பச்சைப் பாசி. பெரிய ஒற்றைக் கண்ணாடி ஒன்றைத் துடைக்கும் நேரத்தில், அதே அளவுள்ள பழைய சின்னச் சட்ட ஜன்னலில் பாதிகூட முடியாது.

ஒரு நாளைக்கு இரண்டு வீடுதான் முடியும் என்றால், ஓடர் பிடிப்பவர் ஒரு வாரத்துக்கு எத்தனை கொண்டு வரலாம் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. அதற்கு மேல் வந்தால் வீட்டுக்காரர் காத்திருக்க வேண்டும். மழை பிடித்துவிட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். கடைசியில் "வேண்டாம்" என்றுவிடுவார்.

இதோடு சேர்த்து முடிக்க வேண்டிய கடதாசி வேலைகளும் உண்டு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். உங்கள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் அனுமதிப்பத்திரம் ஏதாவது எடுக்க வேண்டுமா என்று நேரில் போய்க் கேளுங்கள். எண் அச்சிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று தேவை. தொழிலுக்கென்று தனி போன் நம்பரும் தேவை. ஓடர் பிடிப்பவரின் சொந்த நம்பரைக் கொடுத்துவிட்டால், அவர் விலகும் நாளில் வாடிக்கையாளரும் அவரோடு போய்விடுவார்கள்.

2. விலைத்தாள் ஒன்று எழுதுங்கள்

ஒரே பக்கம் போதும். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். ஜன்னல் ஒன்றுக்கு உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு, கம்பி இருந்தால் கூடுதல் இவ்வளவு, சின்னச் சட்டக் கண்ணாடிக்கு இவ்வளவு, ஆகக் குறைந்த கட்டணம் இவ்வளவு. இந்தத் தாளில் இல்லாத எதற்கும் ஓடர் பிடிப்பவர் விலை சொல்லக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், நமது வீடுகள் சரிவில் கட்டப்பட்டவை. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி. பின்பக்கம் போனால் கீழே இரண்டு மாடி இறங்கிப் போகும், ஏணி வைக்கச் சமதரை இருக்காது, சில இடங்களில் மின்கம்பி ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் ஓடும். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு மொத்த விலை சொல்வதுதான் புதியவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை. விதியை இப்படி வையுங்கள்: நிலத்தில் நின்று எட்டும் ஜன்னல்களுக்கு வாசலிலேயே விலை. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு, வீட்டுக்காரரின் அனுமதியோடு வெளியிலிருந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்ப வேண்டும். விலையை நீங்கள் சொல்வீர்கள். படத்தில் கண்ணாடியும் சட்டமும் நிலமும் தெரிந்தால் போதும், வீட்டின் உட்புறம் தெரியக் கூடாது.

3. எங்கே, எப்போது என்பதை வரைந்துகொள்ளுங்கள்

ஓர் ஆளுக்கு ஒரு பகுதி. நுவரெலியா என்றால் ஹாவா எலிய ஒரு பகுதி, பிளாக்பூல் பக்கம் இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். ஒரே வீதியில் மூன்று வீடு அடுத்தடுத்துக் கிடைத்தால் வண்டிச் செலவு ஒன்றுதான். டவுன் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஓடர் கணக்கில் பெரிதாகத் தெரியும், கையில் மிஞ்சாது.

காலத்தைப் பொறுத்தவரை மலையகத்துக்கு ஒரே நாட்காட்டி கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் அந்த மாதங்களில் வெளிப்பக்க வேலைக்கு நாள் குறித்துக் கொடுப்பது ஆபத்து. அதே ஜூன், ஜூலையில் பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும், தூசி பறக்கும், கண்ணாடி அழுக்காக இருக்கும். வடகீழ் பருவமழை வரும் டிசம்பர், ஜனவரியில் கிழக்குச் சரிவில் மழை. ஒக்டோபர், நவம்பரில் எல்லா இடத்திலும் பிற்பகல் இடி மழையை எதிர்பார்க்கலாம். ஹட்டனில் இருந்துகொண்டு ஜூலையில் ஆள் சேர்ப்பதாக இருந்தால், உள்பக்க வேலைக்கும் கடைக் கண்ணாடிகளுக்கும் மட்டும் ஓடர் பிடிக்கச் சொல்லுங்கள்.

நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசன்தான் உயிர். ஆனால் ஏப்ரலில் வாசலுக்குப் போனால் யாருக்கும் பேச நேரம் இருக்காது. பெப்ரவரி, மார்ச்சில் போய் ஓடரை எழுத வேண்டும். கண்டியில் எசல பெரஹெராவுக்கு முந்தைய வாரங்கள் ஹோட்டல்களுக்கு நல்லவை. வீடுகளில் பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் ஆகிய நான்குக்கும் இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் போனால் பேச்சு எடுபடும்.

நாளின் நேரம்: காலை ஒன்பதரைக்கு முன் வேண்டாம், மூடுபனியில் கண்ணாடியும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் வேலை. ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை நல்லது. இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு சனிக்கிழமை. போயா நாளில் கதவைத் தட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை டவுன் கடைகளுக்குப் போகாதீர்கள், தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க இறங்கும் நாள் அது, முதலாளி உங்களைப் பார்க்கவே மாட்டார்.

4. யாரைத் தேடுவது, எங்கே தேடுவது

வாயாடியைத் தேடாதீர்கள். நிறையப் பேசுகிறவர் நிறைய வாக்குக் கொடுப்பார். பொறுமையாகக் கேட்கிறவர், எழுத்து சுத்தமாக இருப்பவர், தமிழும் சிங்களமும் தடங்கலில்லாமல் பேசுகிறவர் வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. கொழும்புக் கடைகளில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர்களும் நல்ல தேர்வு, வாடிக்கையாளரிடம் பேசிப் பழகியிருப்பார்கள். பகுதிநேரம் தேடும் குடும்பப் பெண்களை மறந்துவிடாதீர்கள். பகலில் கதவு திறப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், பெண்ணிடம் அவர்கள் தயங்காமல் பேசுவார்கள்.

சட்டப்படி ஆகக் குறைந்த வேலை வயது 16. இருந்தாலும் இந்த வேலைக்கு 18 நிறைந்தவரை மட்டும் எடுங்கள். அந்நியர் வீட்டு வாசலில் தனியாக நிற்கும் வேலை இது.

நேர்முகத்தில் பெரிய கேள்விகள் தேவையில்லை. தேசிய அடையாள அட்டையும் கிராம அலுவலரின் நற்சான்றும் பாருங்கள். பிறகு விலைத்தாளைக் கையில் கொடுத்து, வெளியே கூட்டிப் போய் ஏதாவது ஒரு கட்டடத்தைக் காட்டி, "இதற்கு எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். ஜன்னலை எண்ணி, கம்பியைக் கவனித்து, "பின்பக்கம் பார்க்க வேண்டும்" என்று சொல்கிறவரை அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஓர் ஆள் போதும். மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒருவரையும் சரியாகப் பழக்காமல் விடுவது இங்கே வழக்கமாகப் பார்க்கிற தவறு.

5. சம்பளமும் கொமிஷனும்

இதில் அவசரப்படாதீர்கள், தொழில் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

வெறும் கொமிஷன் மட்டும் என்றால் ஆள் நிலைக்க மாட்டார். மழையில் ஒரு வாரம் ஓடர் இல்லாவிட்டால் பஸ் காசும் கையிலிருந்து போகும், அடுத்த வாரம் வரமாட்டார். தாக்குப்பிடிக்கிறவரோ, எப்படியாவது ஓடர் காட்ட வேண்டும் என்று பொய் வாக்குக் கொடுப்பார். வெறும் நாள் சம்பளம் என்றால் மதியத்துக்கு மேல் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துவிடவும் இடமுண்டு. இரண்டும் கலந்து கொடுப்பதுதான் சரி.

2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக் குறைந்த சம்பளம் மாதம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய். அதற்குக் கீழே போகாதீர்கள். நாள் கூலி, கொமிஷன் என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் அவர் உங்கள் ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதமும் அவர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதமும் கட்ட வேண்டும். ஓர் ஆள் இருந்தாலும் இது பொருந்தும். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த நிதிகளின் அருமை தெரியும். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஒரு வீட்டு வேலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துடைக்கும் இருவருக்கும் வண்டிக்கும் சோப்புத் தண்ணீருக்கும் சேர்த்து 6,500 போனால் மீதி 3,500. ஓடருக்குக் கொமிஷன் 1,000, அதற்கு நீங்கள் கட்டும் நிதி 150. மீதி 2,350. ஓடர் பிடிப்பவரின் நாள் சம்பளம் 1,200, அதற்கான நிதி 180, பஸ்ஸுக்கும் ரீலோடுக்கும் 220, ஆக நாளுக்கு 1,600. நாளுக்கு ஒரு வேலை வந்தால் உங்களுக்கு 750 மிஞ்சும். இரண்டு நாளுக்கு ஒரு வேலைதான் என்றால் 850 நட்டம். இரண்டு நாளில் மூன்று வந்தால் 3,850 மிஞ்சும். உங்கள் சொந்தத் தொகைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். எத்தனை வேலைக்குக் கீழே போனால் நட்டம் என்று தெரியாமல் யாரையும் வேலைக்கு எடுக்காதீர்கள்.

கொமிஷன் எப்போது கொடுப்பது? பெயரும் நம்பரும் கொண்டு வந்தவுடன் கொடுத்தால் பெயரும் நம்பரும்தான் வரும். வேலை முடிந்து, வீட்டுக்காரர் காசு கொடுத்த வாரத்தின் கடைசியில் கொடுங்கள். ஆனால் அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும், இழுத்தடிக்கக் கூடாது. மழையால் வேலை தள்ளிப்போனால் அது அவர் பிழை இல்லை. தள்ளிப்போன ஓடருக்குப் பாதியை முற்பணமாகக் கொடுப்பது நியாயம். அதே வீட்டுக்காரர் இரண்டாம் தடவை கூப்பிட்டால் ஒரு சிறு கொமிஷன் தொடரட்டும். அப்போதுதான் ஓடர் பிடிப்பவர் நல்ல வீட்டைத் தேடுவார், கிடைத்த வீட்டையெல்லாம் எழுதிக்கொண்டு வரமாட்டார்.

வீட்டுக்காரரிடம் முற்பணம் காசாக வாங்கும் அதிகாரத்தை முதல் மூன்று மாதம் அவருக்குக் கொடுக்காதீர்கள். இது அவர்மீது உள்ள சந்தேகத்தால் இல்லை. வீட்டில் காசு காணாமல் போனது, கொடுத்தேன் கொடுக்கவில்லை என்ற சண்டைகளில் அவர் பெயர் இழுபடாமல் காப்பது உங்கள் பொறுப்பு.

6. கையில் கொடுத்தனுப்ப வேண்டியவை

படம் ஒட்டிய அடையாள அட்டை, தொழிலின் பெயரும் போன் நம்பரும் இரண்டு மொழியிலும். விலைத்தாள். கார்பன் வைத்து எழுதும் ஓடர் புத்தகம். நல்ல குடை, வழுக்காத சப்பாத்து. ஒரு சின்ன ஸ்குவீஜி (கண்ணாடியில் தண்ணீரை வழிக்கும் ரப்பர்க் கருவி), தெளிக்கும் போத்தல், சுத்தமான துணி. அட்டைக்கடிக்கு உப்போ சோப்போ பையில் இருக்கட்டும், பங்களாப் பாதைகளில் தேவைப்படும்.

அப்புறம், சம்பளம், கொமிஷன், நேரம், பகுதி எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

7. வாசலில் என்ன பேசுவது

பாடம் ஒப்புவிப்பது போலப் பேசினால் கதவு சாத்தப்படும். நான்கு வரி போதும், அதைத் தன் வாயில் வருகிற மாதிரி அவரே அமைத்துக்கொள்ளட்டும். உதாரணமாக:

"வணக்கம் அம்மா. நான் ஜன்னல் கண்ணாடி துடைத்துக் கொடுக்கிற இடத்திலிருந்து வந்திருக்கிறேன். வியாழக்கிழமை உங்க மேல்வீதியில் ஒரு வீட்டில் வேலை இருக்கு. அன்றைக்கே உங்க வீட்டையும் செய்தால் வண்டிச் செலவு குறையும். வெளியிலிருந்து எண்ணிப் பார்த்து விலை சொல்லட்டுமா?"

மேல்வீதியில் வேலை உண்மையில் இருந்தால்தான் அதைச் சொல்ல வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், அந்த அம்மா ஒரு போனில் விசாரித்துவிடுவார்.

சிங்களத்தில் பேசும்போதும் இதே நிதானம் வேண்டும். கேற்றுக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும், நாய் இருக்கும். வீட்டுக்குள் கூப்பிட்டாலும் வராந்தாவோடு நின்றுகொள்ள வேண்டும்.

அடிக்கடி வரும் மறுப்பு ஒன்று: "இங்க தினமும் மழைதானே, எதுக்குத் துடைக்கிறது?" இதற்குப் பதில் தெரியாமல் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். மழைத் தண்ணீரை விட, கண்ணாடியில் ஏற்கெனவே படிந்திருக்கும் தூசியும் புகையும்தான் கோடு கோடாக வழிகின்றன. துடைத்த கண்ணாடியில் மழை பெய்தால் அவ்வளவு கறை தெரியாது. ஓரத்துப் பாசியை விட்டால் அது ரப்பரிலும் மரச்சட்டத்திலும் பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டு, கைக்கெட்டும் ஒரு கண்ணாடியில் பாதியை மட்டும் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு பேசினாலும் கிடைக்காதது அந்தப் பாதிக் கண்ணாடியில் கிடைக்கும். துடைக்குமுன் கீறலோ விரிசலோ இருந்தால் வீட்டுக்காரருக்குக் காட்டிவிட வேண்டும். பழைய பங்களாவில் கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பட்டிப் பசை காய்ந்து உதிர்ந்திருந்தால் தொடவே கூடாது.

"வேண்டாம்" என்று இரண்டாம் தடவை சொன்னால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். அந்த வீட்டை ஓடர் புத்தகத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டு ஆறு மாதத்துக்குப் போகக் கூடாது.

8. பங்களாவும் ஹோட்டலும் வேறு வழி

நுவரெலியா, எல்ல, அப்புத்தளைப் பக்கம் விடுமுறைப் பங்களாக்கள் பலவற்றின் சொந்தக்காரர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். வாசலில் நிற்பது பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, ஆனால் "வேண்டாம்" என்று சொல்லும் வல்லமை நிச்சயம் உண்டு. அவரை மதிக்காமல் சொந்தக்காரர் நம்பரைக் கேட்டால் கிடைக்காது. "ஐயா, நீங்களே பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள், படம் எடுத்து விலை அனுப்பித் தருகிறோம்" என்று அவர் வழியாகவே போக வேண்டும்.

ஹோட்டலில் வரவேற்பு மேசையில் பேசிப் பயனில்லை. அறைகளைப் பராமரிக்கும் பொறுப்பாளரைப் பார்க்க நேரம் கேட்க வேண்டும். அந்தச் சந்திப்புக்கு நீங்கள்தான் போக வேண்டும், ஓடர் பிடிப்பவர் நேரம் வாங்கித் தருவதோடு சரி. மாதாந்த ஒப்பந்தம் பேசும் இடம் அது.

தோட்டப் பாதைகள் தனியார் வழி. தோட்டக் காரியாலயத்தில் அனுமதி வாங்காமல் பங்களாவுக்கு ஏறக் கூடாது.

9. முதல் வாரம் நீங்களும் கூட நடங்கள்

முதல் நாள் நீங்கள் பேசுங்கள், அவர் கேட்கட்டும். இரண்டாம் நாள் அவர் பேசட்டும், நீங்கள் கேற்றுக்கு வெளியே நில்லுங்கள். திருத்தம் எதுவும் வீட்டுக்காரர் முன்னால் வேண்டாம், ரோட்டுக்கு வந்த பிறகு சொல்லுங்கள். மூன்றாம் நாள் ஓடர் பிடிக்காமல், துடைக்கும் ஆட்களோடு அவரை ஒரு முழு நாள் வேலைக்கு அனுப்புங்கள். பாசி எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கையால் தெரிந்துகொண்டவர், வாசலில் "அரை மணித்தியாலத்தில் முடியும்" என்று சொல்லமாட்டார். இந்த மூன்றாம் நாளை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

தனியாக அனுப்பத் தொடங்கிய பிறகு, பெண் பிள்ளைகள் என்றால் இருவராக அனுப்புங்கள். பிற்பகல் நான்கரைக்கு மேல் ஒதுக்குப்புறமான வீடுகளுக்கு யாருமே போக வேண்டாம். ஐந்து மணிக்குள் "டவுனுக்கு வந்துவிட்டேன்" என்ற ஒரு செய்தி உங்களுக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் நீங்கள் அழைக்க வேண்டும்.

10. அன்றன்றே சரிபாருங்கள்

அன்று மாலையே ஒவ்வொரு ஓடருக்கும் நீங்கள் போன் எடுங்கள். "எங்கள் பிள்ளை வந்து போனாரே, வியாழன் காலை பத்து மணிக்கு, பன்னிரண்டு ஜன்னல், இவ்வளவு ரூபாய், சரிதானே?" என்று கேட்டால் போதும். தவறான விலை, தவறான நாள், வாசலில் தப்பிக்கச் சொன்ன "சரி" எல்லாம் இந்த ஒரு போனில் வெளியே வந்துவிடும். வேலைக்குப் போய் நின்ற பிறகு தெரிந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். மழை பெய்தால் வெளிப்பக்கம் எந்த நாளுக்கு மாறும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு கொப்பியில் நாலு கட்டம் போடுங்கள்: தட்டிய கதவு, பேசிய ஆள், எழுதிய ஓடர், காசு வந்த வேலை. இரண்டு வாரம் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும். கதவு நிறையத் தட்டியும் பேச ஆள் இல்லை என்றால் நேரம் பிழை. பேசியும் ஓடர் இல்லை என்றால் விலையோ பேச்சோ பிழை. ஓடர் இருந்தும் காசு இல்லை என்றால், அவரைத் திட்டுமுன் உங்கள் துடைக்கும் ஆட்கள் சொன்ன நாளில் போனார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

11. இரண்டாம் ஆளும், விலகும் ஆளும்

காசு வந்த வேலைகள் ஆறு வாரம் தொடர்ந்து உங்கள் நட்டக் கோட்டுக்கு மேலே இருந்து, துடைக்கும் ஆட்களுக்கும் நாள் மிச்சம் இருந்தால் மட்டும் இரண்டாம் ஆளை எடுங்கள். அவரைப் பழக்கும் பொறுப்பை முதல் ஆளிடம் கொடுத்து, அந்த நாட்களுக்கு ஓடர் குறைந்ததற்கு ஈடாக ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் மனதார சொல்லித் தரமாட்டார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஒருவர் விலகினால் அன்றே அடையாள அட்டையையும் ஓடர் புத்தகத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பிடித்து இன்னும் முடியாத ஓடர்களைப் பட்டியலிட்டு, அவை முடிந்ததும் கொமிஷனை அவர் கணக்கில் போட்டுவிடுங்கள். அந்தப் பகுதியில் நிலுவையில் இருக்கும் வீடுகளுக்கு நீங்களே போன் எடுத்து, இனி யார் வருவார் என்று பெயர் சொல்லி அறிவித்துவிடுங்கள்.